தரிசுக்காட்டுல முள்ளில்லா கள்ளி போடலாமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதிலும்

போன பங்குனியில நான் கள்ளி மடல அரிவாளால நறுக்கி ஆட்டுத்தொட்டியில போடுறத பக்கத்து ஊர் தம்பி ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்தாரு, அது வாட்ஸ்அப்ல குரூப் குரூப்பா சுத்தி எங்கெங்கயோ போயிடுச்சு, அன்னையில இருந்து தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்துகிட்டே இருக்கு. கேக்குறது எல்லாம் ஒரே பதினேழு கேள்விதான். சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப்போனதால எழுதியே வச்சிடுறேன்.

நான் ஆராய்ச்சி பண்றவன் இல்ல. சங்கரன்கோவில் பக்கம் மானாவாரிக் காடு, கொஞ்சம் செவல், கொஞ்சம் கரிசல், மேக்கால ஒரு சரளை மேடு. வெள்ளாடும் செம்மறியும் சேந்து நாப்பது உருப்படி, ரெண்டு கறவை மாடு. கள்ளி நிக்கிறது 60 சென்ட்ல, மூணு வருஷம் ஆச்சு. பட்டதையும் படிச்சதையும் சேத்து எழுதுறேன், அவ்வளவுதான்.

கள்ளியா? கள்ளிப்பால் விஷமாச்சே அண்ணாச்சி, ஆடு செத்துடாதா?

பத்துப் பேர்ல அஞ்சு பேர் முதல்ல கேக்குறது இதுதான், கேக்க வேண்டிய கேள்விதான். நான் போடுறது சப்பாத்திக்கள்ளி வகை, கள்ளிப்பால் வர்ற கள்ளி வேற குடும்பம். திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி இதெல்லாம் ஆமணக்குச் சொந்தம், ஒடிச்சா வெள்ளையா பால் வடியும், கண்ணுல பட்டா கண்ணு போச்சு. சங்கப் பாட்டுல பாலை நிலத்துல வர்ற கள்ளியும் அந்த வகைதான், ஏன்னா கேக்டஸ் குடும்பத்துல இந்தச் சப்பாத்தி வகை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் செடி, கொலம்பஸுக்கு அப்புறம் கப்பல் ஏறி வந்தது. நம்ம ஆளுங்க பாத்தாங்க, கள்ளி மாதிரி சதையா இருக்கு, சப்பாத்தி மாதிரி தட்டையா இருக்கு, பேர் வச்சுட்டாங்க. சப்பாத்திக்கள்ளிய ஒடிச்சா பால் வராது, வெண்டைக்காய் மாதிரி வழவழன்னு ஒரு கூழ்தான் வரும். சந்தேகமா இருந்தா ஒடிச்சுப் பாத்துக்கோங்க, பால் வந்தா ஆட்டுக்குப் போடாதீங்க.

அப்ப நம்ம ஓடைக்கரையில நிக்கிற சப்பாத்திக்கள்ளியவே போடலாமே, எதுக்கு காசு குடுத்து மடல் வாங்கணும்?

அது ஒபுன்ஷியா டில்லெனி, ஊசி மாதிரி நீளமா மஞ்சள் முள்ளு. நான் சொல்றது ஒபுன்ஷியா ஃபிகஸ் இண்டிகா, மெக்சிகோக்காரங்க ஆயிரக்கணக்கான வருஷமா முள்ளு கம்மியா இருக்குற செடியாப் பாத்துப் பாத்து நட்டு உருவாக்குனது. ரெண்டும் பங்காளிங்க, ஆனா ஃபிகஸ் இண்டிகா மடல் பெருசு, ஒரு முழம் நீளம் வரும், செடி ஆள் உயரத்துக்கு மேல போகும்.

முள்ளுள்ளத போடவே முடியாதுன்னு இல்ல. பஞ்சத்துல முள்ள நெருப்புல பொசுக்கிட்டு மாட்டுக்குப் போட்டதா எங்க தாத்தா சொல்லுவாரு. டெக்சாஸ்ல இன்னைக்கும் வறட்சி வந்தா கேஸ் பர்னர எடுத்துட்டுப் போயி நிக்கிற செடியிலயே முள்ளச் சுட்டு விட்டுடுறாங்க, மாடு பின்னாலயே வந்து தின்னுட்டுப் போகுது. ஆனா தினம் நாப்பது ஆட்டுக்கு முள்ளு பொசுக்குறது நடக்குற காரியமா?

தண்ணியே இல்லாம எப்படி வளருது? உண்மையிலயே தண்ணி வேண்டாமா?

வேண்டாம்னு சொல்றவன் பொய் சொல்றான். கம்மியா வேணும், அதுவும் எப்ப கிடைச்சாலும் பிடிச்சு வச்சுக்கும்.

சங்கதி இதுதான். சோளமோ கம்போ பகல்ல இலையில இருக்குற துவாரத்தைத் திறந்து காத்த இழுக்கும், அந்த நேரம் பாத்து உள்ள இருக்குற தண்ணியும் ஆவியா போயிடும். கள்ளி பகல் முழுக்க கதவச் சாத்திக்கிட்டு ராத்திரி குளுமையில திறக்குது, கரியமில வாயுவ இழுத்து புளிப்பா மாத்தி உள்ள வச்சுக்கிட்டு, விடிஞ்சதும் வெயில வச்சு சமைச்சுக்குது. காலையில ஒரு துண்டு கடிச்சா புளிக்கும், சாயங்காலம் புளிப்பு இறங்கியிருக்கும், நான் ருசி பாத்திருக்கேன். வேரும் ஆழமா போகாது, மேலாப்புல பரவி கெடக்கும், ஒரு சின்ன மழை பெஞ்சாக்கூட உறிஞ்சிடும்.

இதுல வடக்கத்தி வீடியோவுல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. ராத்திரி குளுமையா இருந்தாத்தான் இந்த வித்தை நல்லா நடக்கும். ராத்திரியும் 30 டிகிரிக்கு மேல புழுங்குச்சுன்னா செடி இழுக்குற வாயு குறைஞ்சு வளர்ச்சி மந்தமாயிடும். மெக்சிகோ மேட்டுநிலத்துல ராத்திரி ஸ்வெட்டர் போடுற குளிர். நம்மூர்ல சித்திரை வைகாசி ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதனால அவன் அவ்வளவு எடுத்தான் இவன் இவ்வளவு எடுத்தான்னு அங்கத்த விளைச்சல இங்க கணக்குப் போடாதீங்க. எங்க காட்டுல மார்கழி தை மாசி மூணு மாசமும் துளிர் தள்ளிக்கிட்டு வரும், அக்னி நட்சத்திரத்துல சும்மா நிக்கும். ஆனா சாகாது, நமக்கு அதுதான வேணும்.

எந்த மண்ணுக்கு ஒத்துவரும்?

செவல், சரளை, மணல், கல்லாங்காடு, எதுவும் சரி. தண்ணி நிக்கிற இடம் மட்டும் ஆகவே ஆகாது. நான் முதல் தடவ கரிசல்ல 200 மடல் நட்டேன், அந்த ஐப்பசியில அடைமழை, மண்ணு களியாகி தண்ணி வடியாம நின்னு, கார்த்திகை பொறக்கும்போது முக்கால்வாசி அடியில கறுத்து அழுகி சாஞ்சு கெடந்துச்சு. அதே வருஷம் சரளை மேட்டுல மீந்துபோனத சும்மா குத்தி வச்சேன், ஒண்ணுகூட சாகல. நல்ல மண்ணுல செத்துச்சு, நாதியத்த மண்ணுல பொழைச்சுச்சு! கரிசல்தான் இருக்குன்னா ரெண்டு அடி அகலத்துக்கு பாத்தி ஏத்தி மேட்டு மேல நடுங்க.

உவர் நிலத்துல போடலாமான்னு ராமநாதபுரத்துல இருந்து நிறைய பேர் கேக்குறாங்க. வறட்சி தாங்குது, அதனால உப்பும் தாங்கும்னு நினைக்கிறாங்க, தப்பு. உப்புக்கு இது பயந்த செடி, வேர் கருகிடும். கடலோர உவர் காட்டுக்கு வேற ஏதாவது பாருங்க.

எப்ப நடணும், எப்படி நடணும்?

ஒரு வருஷம் தாண்டுன தடிச்ச மடலா பாத்து, கணுவுல, அதாவது ரெண்டு மடல் சேர்ற இடத்துல சுத்தமா அறுக்கணும். அறுத்த கையோட நட்டா அந்தப் புண்ணு வழியா அழுகல் ஏறும். நிழல்ல ரெண்டு மூணு வாரம் பரப்பிப் போடுங்க, அறுத்த வாய் காஞ்சு தக்கை மாதிரி ஆனதும் நடலாம். மடல் கொஞ்சம் சுருங்கித் தெரியும், பயப்படாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது.

மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா பாதி, மண்ணுக்குள்ள இருக்கணும். தட்டையான முகம் கிழக்கையும் மேற்கையும் பாக்குற மாதிரி வச்சா காலை வெயிலும் சாயங்கால வெயிலும் முழுசா விழும். சரிவு நிலம்னா இதெல்லாம் பாக்காம சரிவுக்குக் குறுக்கால வரிசை போடுங்க, மண்ணரிப்ப நிறுத்துற வரப்பு மாதிரி வேலை செய்யும், துனீசியா அல்ஜீரியால மலைச்சரிவுல இப்படித்தான் போட்டு மண்ணப் பிடிச்சு வச்சிருக்காங்க.

மாசம்னு கேட்டா, நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓஞ்ச பிறகு, தை மாசம். கீழ ஈரம் இருக்கும், மேல அடைமழை இருக்காது. நட்டதும் குடம் குடமா தண்ணி ஊத்தாதீங்க, எங்க அம்மா பாவம்னு சொல்லி தினம் ஒரு சொம்பு ஊத்தி பத்துச் செடியக் கொன்னாங்க. முதல் கோடையில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஒரு சொம்பு போதும், ரெண்டாவது வருஷத்துல இருந்து அதுவும் வேண்டாம். தொழு உரம் மட்டும் வைங்க, கல்லு மண்ணுல வளர்றது உண்மைதான் ஆனா ஆட்டுப்புழுக்கை போட்ட வரிசையும் போடாத வரிசையும் ரெண்டு மடங்கு வித்தியாசம் காட்டுது.

ஏக்கருக்கு எத்தனை மடல் வேணும், எப்ப அறுக்கலாம்?

வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர்னா ஏக்கருக்கு 2,000 வரும். நான் 3 மீட்டர் விட்டிருக்கேன், நடுவுல மழைக்காலத்துல கம்பும் காணமும் (கொள்ளு) தெளிக்கிறதுக்கு. அப்படின்னா 1,300 சொச்சம். துனீசியாவுல இதே மாதிரி கள்ளி வரிசைக்கு நடுவுல பார்லி போடுறாங்க, தட்டை ஒரு பக்கம் கள்ளி ஒரு பக்கம், ரெண்டையும் கலந்து செம்மறிக்குப் போட தோதா இருக்கும். பிரேசில்ல நெருக்கமா ஹெக்டேருக்கு 40,000 வரைக்கும் அடுக்குறவங்க இருக்காங்க, அதுக்கு உரமும் ஆளும் வேணும், நமக்குச் சரிப்படாது.

முதல் அறுப்பு ஒண்ணரை வருஷம் கழிச்சுதான். நட்ட மடலையும் அதுக்கு மேல வந்த முதல் அடுக்கையும் தொடவே கூடாது, அதுதான் முதல். அதுக்கு மேல வர்றதுதான் வட்டி. வட்டிய மட்டும் சாப்பிட்டா செடி இருபது வருஷம் நிக்கும்னு சொல்றாங்க.

ஆடு மாட்டுக்கு எவ்வளவு போடலாம்? கழிச்சல் வருதுன்னு சொல்றாங்களே?

வரும், தனியா போட்டா கண்டிப்பா வரும். நான் முதல் நாள் ஆசையில கூடை கூடையா போட்டு மறுநாள் பட்டி முழுக்க பச்சைத்தண்ணியா போட்டு வச்சிருந்துச்சு. நோய் இல்ல, அதுல இருக்குற தண்ணியும் வழவழப்பும்தான். காஞ்ச தீவனம் சேத்தா நின்னுடும்.

இந்த இடத்துல ஒரு கணக்கப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானாப் புரியும். மடல்ல பத்துல ஒம்பது பங்கு தண்ணி. 10 கிலோ அறுத்துப் போட்டா உள்ள போற தீவனச் சத்து 1 கிலோதான். அந்த ஒரு கிலோவுலயும் புரதம் 4, 5 சதவீதம், வைக்கோலவிட கொஞ்சம் மேல. மாவுச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் ஏ எல்லாம் நல்லா இருக்கு, கோடையில பச்சையே பாக்காத ஆட்டுக்கு அந்த வைட்டமின் பெரிய விஷயம். அதனால இது தீவனத்துக்குத் துணைதான், தனித் தீவனம் கிடையாது. ஒரு நாளைக்குத் திங்கிற மொத்தச் சத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல கள்ளி போகாம பாத்துக்கோங்க. மீதி சோளத்தட்டையோ கடலைக்கொடியோ, புரதத்துக்கு புண்ணாக்கோ இல்ல அகத்தி, வேலிமசால், சுபாபுல் மாதிரி தழையோ. நான் பெரிய ஆட்டுக்கு ஒண்ணரை ரெண்டு கிலோவும் மாட்டுக்கு பத்து கிலோ சுமாரும் போடுறேன், அரை கிலோவுல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல ஏத்துனேன். விரல் அகலத்துக்கு நறுக்கிப் போடுங்க, முழு மடல் தொண்டையில சிக்கும்.

பல பேர் இத வெறும் தீவனமாவே பாக்குறாங்க, நான் தண்ணித்தொட்டியா பாக்குறேன். துனீசியாவுல செம்மறிய வச்சு பாத்தப்போ தினம் 3 கிலோ பச்சை மடல் தின்ன ஆடு தண்ணி குடிக்கிறதையே கிட்டத்தட்ட நிறுத்திடுச்சாம். ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 2017ல சொன்ன கணக்கு, நல்லா வளந்த ஒரு ஹெக்டேர் கள்ளிக்குள்ள 180 டன் வரைக்கும் தண்ணி நிக்கும், அஞ்சு பசுமாட்டுக்குப் போதும்னு. எங்க ஊர்ல வைகாசியில ஊருணி வத்துனா ஆட்ட ஓட்டிக்கிட்டு ரெண்டு மைல் போகணும், போற வழியிலயே குட்டி சுருண்டு விழும். இப்ப ரெண்டு வருஷமா அந்த நடை பாதியாக் குறைஞ்சிருக்கு. காசா பாத்தா இதுக்கு என்ன விலைன்னு எனக்குப் போடத் தெரியல.

முள்ளில்லான்னு சொல்லிட்டு கையெல்லாம் அரிக்குதே?

அது முள்ளு இல்ல, சுணை. கண்ணுக்கே தெரியாத மயிர் மாதிரி குத்து குத்தா இருக்கும், பழத்துல ரொம்ப அதிகம். கையுறை போடுங்க, காத்தடிக்கிற திசைக்கு முதுகு காட்டி நின்னு அறுங்க, கண்ணுல விழுந்தா ஆஸ்பத்திரிதான். கையில ஏறிடுச்சுன்னா செல்லோடேப்ப ஒட்டி ஒட்டி எடுங்க. தேய்ச்சீங்கன்னா இன்னும் உள்ள போகும்.

ஏக்கருக்கு லட்சக்கணக்குல லாபம்னு வீடியோவுல சொல்றாங்க, மடலைத் திருப்பி வாங்கிக்கிறோம்னு ஒரு கம்பெனிக்காரர் சொன்னாரு, நம்பலாமா?

வளத்துக் குடுங்க, திருப்பி வாங்கிக்கிறோம்னு சொல்லி ஏமாத்துனாங்களே, அந்த ஈமு கோழி ஞாபகம் இருக்கா? அவ்வளவுதான் என் பதில்.

சரி, கொஞ்சம் விவரமாவே சொல்றேன். மேல சொன்ன கணக்கப் பாருங்க, 1 டன் மடல் ஏத்துனா அதுல 900 கிலோ தண்ணி. வேன் வாடகை குடுத்து தண்ணிய ஏத்திக்கிட்டுப் போயி தீவனம்னு வித்தா எவன் என்ன விலை குடுப்பான்? அறுத்த காட்டுலயே, இல்ல பக்கத்துக் காட்டுலயே ஆடு தின்னாத்தான் இதுல அர்த்தம். தீவனத்துக்குன்னு சந்தை நம்ம பக்கம் கிடையாது. அப்புறம் யாரு சம்பாதிக்கிறா? நடுறதுக்கு மடல் விக்கிறவன்.

இது புதுசும் இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால கலிஃபோர்னியாவுல லூதர் பர்பாங்க்னு பெரிய பேர் வாங்குன செடி ஒட்டுக்காரர், 1900களோட ஆரம்பத்துல முள்ளில்லா கள்ளிய விளம்பரம் பண்ணி விட்டாரு, பாலைவனத்துல எல்லாம் மாடு மேயும்னு. ஒரு மடலுக்கு அள்ளிக் குடுத்து வாங்குனாங்க. நட்ட பிறகுதான் தெரிஞ்சுது, முள்ளு இல்லேன்னா வேலி வேணும், குட்டியா இருக்கும்போது தண்ணி வேணும், கடுங்குளிர் ஆகாது. அவர் பேர்ல ஆரம்பிச்ச கம்பெனி கொஞ்ச வருஷத்துலயே திவாலாச்சு. செடி மேல குத்தம் இல்ல, கூவி வித்த விதம்தான் குத்தம்.

என் விஷயமே கேளுங்க, முதல் 500 மடல் போன்ல விளம்பரம் பாத்து ஒரு நர்சரிக்குப் பணம் போட்டு வாங்குனேன், சாக்குல ஈரத்தோட அடைச்சு அனுப்பி, பிரிச்சா பாதி கஞ்சியா ஒழுகுது, திரும்பக் கூப்பிட்டா போன் எடுக்கல.

பழம் விக்கலாமே? எண்ணெய், லெதர், கேஸ் எல்லாம் பண்றாங்களாமே?

பண்றாங்க, அங்க. சிசிலித் தீவுல பழத்துக்காகவே தோட்டம் வச்சிருக்காங்க, அவங்க ஒரு வித்தை பண்ணுவாங்க, கோடை ஆரம்பத்துல வர்ற முதல் பூவையெல்லாம் தட்டிக் கொட்டிடுவாங்க, செடி திரும்பப் பூக்கும், அந்தப் பழம் மத்தவன் பழம் தீந்த பிறகு தாமதமா வரும், பெருசா வரும், விலையும் நிக்கும். மெக்சிகோவுல இளம் மடல காய்கறி மாதிரி தினம் சந்தையில விக்கிறாங்க. மொராக்கோவுல விதையில எண்ணெய் பிழிஞ்சு முகத்துக்குப் பூசுற தைலமா விக்கிறாங்க, ரொம்ப விலை, ஏன்னா பழத்துல விதை கொஞ்சம், விதையில எண்ணெய் அதைவிடக் கொஞ்சம். மெக்சிகோவுல மடல்ல இருந்து லெதர் மாதிரி துணி 2019ல வந்துச்சு, முழுக்கக் கள்ளி இல்ல, பிளாஸ்டிக் வகையும் கலந்ததுதான். அங்கயே மிச்சோகான் பக்கம் சாணத்தோட மடல அரைச்சுப் போட்டு கேஸ் எடுத்து வண்டி ஓட்டுறாங்க.

இதுக்கெல்லாம் பின்னால ஆலை வேணும், வாங்குறவன் வேணும். நம்ம ஊர்ல அது வரும்போது பாத்துக்கலாம், வரும்னு நம்பி ஏக்கர் ஏக்கரா நடாதீங்க. சாண எரிவாயுத் தொட்டி வீட்டுல இருக்குன்னா கழிஞ்ச மடல அரைச்சு ஊத்திப் பாருங்க, அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்.

மனுஷன் சாப்பிடலாமா?

சின்ன வயசுல வாயெல்லாம் சிவக்க சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்னவங்கதான நாம எல்லாம், நடுவுல இருக்குற நட்சத்திர முள்ளப் பாத்து எடுத்துட்டு. அதேதான். இளம் மடல என் வீட்டுல புளி ஊத்தி வதக்கிப் பாத்தாங்க, கத்திரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நடுவுல ஒரு ருசி. பிள்ளைங்க தொடல.

இது இன்னொரு சீமைக்கருவேலம் ஆயிடாதா?

இந்தக் கேள்வியக் கேட்டவர் சாயல்குடிக்காரர் ஒருத்தர், நான் எழுந்து நின்னு பதில் சொன்னேன்னு வச்சுக்கோங்க. வறண்ட நிலத்துக்கு வரப்பிரசாதம்னு சொல்லித்தான் அதையும் கொண்டு வந்தாங்க.

பயம் நியாயம்தான். ஆஸ்திரேலியாவுல சப்பாத்திக்கள்ளி 1920கள்ல கிட்டத்தட்ட 2.4 கோடி ஹெக்டேர மூடிடுச்சு, ஜனங்க பண்ணையப் போட்டுட்டு ஓடுனாங்க. 1926ல அர்ஜென்டினாவுல இருந்து கொண்டு வந்து விட்ட ஒரு அந்துப்பூச்சியோட புழுதான் குடைஞ்சு அழிச்சுது, அந்தப் பூச்சிக்கு குயின்ஸ்லாந்துல ஊர் மண்டபமே கட்டி வச்சிருக்காங்க. கென்யாவுல லைக்கிப்பியா மேய்ச்சல் நிலத்துல இன்னைக்கும் முள்ளுக்கள்ளி பரவி ஆடுகளோட வாய் குடலெல்லாம் புண்ணாகுது.

முள்ளில்லா வகை அந்த அளவுக்குப் பரவாது, ஏன்னா ஆடு மாடு முயல் எல்லாம் தின்னுடும், முள்ளுதான அதுக்குக் காவல். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. மடல நட்டா தாய் மாதிரியே வரும், விதை முளைச்சா முள்ளோட பிள்ளை வரலாம். தென்னாப்பிரிக்காவுல முள்ளில்லாததா போன செடி காட்டுல விதை விழுந்து முள்ளுக்கள்ளியாத் திரும்பி லட்சக்கணக்கான ஹெக்டேர பிடிச்ச கதை இருக்கு. அதனால நான் பழம் பழுக்க விடுறதில்ல, காயா இருக்கும்போதே தட்டிடுறேன், எப்படியும் சந்தை இல்ல. ஓடைக்கரை, காட்டோரம் பக்கம் நடாதீங்க. அறுத்த துண்ட வழியில போடாதீங்க, துண்டு விழுந்த இடத்துல வேர் விடும்.

பூச்சி நோய் எதுவும் வராதா?

இதுக்குத்தான் கொஞ்சம் பழைய கதை சொல்லணும், எனக்குப் பிடிச்ச கதையும்கூட.

நம்ம சைதாப்பேட்டையில 1780கள்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருத்தர் கள்ளித்தோட்டம் போட்டாரு. ஆட்டுக்கு இல்ல, சாயத்துக்கு. மெக்சிகோவுல கள்ளி மேல கொச்சினீல்னு ஒரு பூச்சி வளரும், அத நசுக்குனா ரத்தச் சிவப்புச் சாயம், அந்தக் காலத்துல ஸ்பெயின்காரன் கையில இருந்த பெரிய பண மரம். அத நாமளும் பண்ணலாம்னு பாத்தாங்க. 1795ல கல்கத்தாவுக்கு பூச்சியும் வந்துச்சு, ஆனா வந்தது சாயப்பூச்சி இல்ல, அதோட மட்டமான சொந்தக்காரன். சாயம் கிடைக்கல, கள்ளி செத்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, பிடிக்காத கள்ளிய ஒழிக்க இது நல்ல ஆயுதம்னு.

அப்புறம் தமிழ்நாட்டுல டில்லெனி கள்ளி காடு மேடெல்லாம் அடைச்சுக்கிட்டப்போ, 1926 வாக்குல இலங்கை வழியா இன்னொரு கொச்சினீல், டாக்டிலோபியஸ் ஒபுன்ஷியேன்னு பேரு, அத விட்டாங்க. அஞ்சாறு வருஷத்துல சுமார் 40,000 ஹெக்டேர் சுத்தமாச்சு. ஊர்ப் பெரியவங்க, அப்பல்லாம் நாகதாளிக் (சப்பாத்திக்கள்ளிக்கு இன்னொரு பேரு) காடா இருந்துச்சு, இப்ப எங்க போச்சுன்னே தெரியலன்னு சொல்றாங்கள்ல, இங்கதான் போச்சு.

அதே வருஷங்கள்ல மடகாஸ்கர் தெற்குலயும் பிரெஞ்சுக்காரங்க காலத்துல கொச்சினீல் வகைப் பூச்சி போச்சு, 1924ல. அங்க அந்தாண்ட்ராய் ஜனங்க கள்ளிய வேலியா, மாட்டுக்குத் தீவனமா, கோடையில தண்ணியா, தங்களுக்குப் பழமா வச்சு பொழைச்சவங்க. கள்ளி மொத்தமா செத்துச்சு, பின்னாலயே மாடு செத்துச்சு, பஞ்சத்துல ஜனங்களும் செத்தாங்க. நம்ம ஊர்ல யாரும் அழல, ஏன்னா நாம அத நம்பி இல்ல. நான் இப்ப 60 சென்ட்ல அத நம்பி நிக்கிறேன், அதனால மடகாஸ்கர் கதையத்தான் ராத்திரி நினைச்சுக்குவேன்.

பூச்சி இன்னும் இருக்குதான்னா, இருக்கு. 2014ல மொராக்கோவுல நுழைஞ்ச இந்த ஒபுன்ஷியே பூச்சி ஊர் ஊரா கள்ளித் தோட்டத்த வெள்ளையாக்கி சாகடிச்சுது, அப்புறம் பூச்சி தாங்குற எட்டு ரகத்தக் கண்டுபிடிச்சு திரும்ப நடுறாங்க. பிரேசிலோட வடகிழக்குல இதேதான், அங்க சுமார் 5 லட்சம் ஹெக்டேர் தீவனக்கள்ளி, பூச்சி அடிச்சதும் யானைக்காதுன்னு பேர் வச்ச ரகத்துக்கு மாறுனாங்க. தென்னாப்பிரிக்காவுல இந்தப் பூச்சியிலயே ரெண்டு சாதி பிரிச்சிருக்காங்க, ஒண்ணு ஃபிகஸ் இண்டிகாவ விரும்பும், இன்னொண்ணு குட்டை முள்ளுக்கள்ளிய விரும்பும். நம்ம ஓடைக்கரைக் கள்ளியில இருக்குறது எதுவா இருந்தாலும் நான் ரிஸ்க் எடுக்கல, என் காட்டச் சுத்தி நின்ன பழைய முள்ளுக்கள்ளிய வெட்டி எரிச்சுட்டுத்தான் நட்டேன்.

அடையாளம் சுலபம், மடல் மேல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளைப் புள்ளி, விரலால நசுக்குனா சிவப்பு. பாத்த அன்னைக்கே அந்த மடல வெட்டி எரிங்க இல்ல ஆழமாப் புதைங்க. ஆரம்பத்துல இருந்தா சோப்புத்தண்ணிய வேகமா பீச்சி அடிச்சாப் போகும். மாவுப்பூச்சிக்கு விடுற கிரிப்டோலேமஸ் பொறிவண்டும் இதத் தின்னும், முழுசா அடக்காது. வெளிய இருந்து வர்ற மடல வாங்குனா தனியா ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டு நடுங்க.

மத்தபடி அழுகல்தான். அது பாதிக்கு மேல நம்ம தண்ணிக்கையாலதான் வருது.

காட்டுப்பன்னி, மயில், முயல்?

வேலி இல்லாம நடவே நடாதீங்க. பன்னி அடியோட பிடுங்கும், முயல் இளம் மடலக் கொறிக்கும். பக்கத்து வீட்டு ஆடுதான் எல்லாத்தையும் விட மோசம். என் செலவுல பாதிக்கு மேல மடலுக்கு ஆகல, வேலிக்குத்தான் ஆச்சு.

டிராகன் ஃப்ரூட்டும் கள்ளிதானே, அதப் போட்டா காசு வருமே?

அதுவும் கள்ளிக் குடும்பம்தான், ஆனா காட்டு மரத்து மேல ஏறி வளர்ற கொடி. கல்லுத்தூண், சொட்டுநீர், நிழல்வலை எல்லாம் கேக்கும். கிணறு இருக்குறவங்க தோட்டப்பயிர் அது. நான் பேசுறது கிணறு இல்லாத காட்டப் பத்தி.

கவர்மென்ட் எதுவும் பண்ணுதா? நம்ம நாட்டுல வேற யார் போடுறாங்க?

இஸ்ரோ போட்ட நிலச் சீரழிவு அட்லஸ்ல 2018-19 கணக்குப்படி நம்ம நாட்டுல 9.785 கோடி ஹெக்டேர் நிலம் சீரழிஞ்சு கெடக்கு, மொத்த நிலத்துல 29.7 சதவீதம். அதனால மத்திய நில வளத் துறை 2022 வாக்குல இருந்து நீர்ப்பிடிப்புத் திட்டத்துக்குள்ள முள்ளில்லா கள்ளியச் சேத்துப் பேசுது. ஜோத்பூர்ல காஸ்ரிங்குற வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், ஜான்சியில புல் தீவன ஆராய்ச்சி நிலையம், மத்தியப் பிரதேசத்துல போபாலுக்குப் பக்கம் அம்லாஹாவுல இக்கார்டாங்குற சர்வதேச வறண்ட நில விவசாய ஆராய்ச்சி மையம், புனே பக்கம் உருளிகாஞ்சன்ல பைஃப்ங்குற தொண்டு நிறுவனம், இவங்கதான் ரகம் சேத்து வச்சு சோதிக்கிறாங்க. 1270, 1271னு நம்பர்லதான் ரகத்தோட பேரே இருக்கும். ராஜஸ்தான் பார்மர்லயும் மகாராஷ்டிரா வறட்சி மாவட்டத்துலயும் ஆடு வளர்க்குறவங்க போட்டுப் பாக்குறாங்க. உங்க தாலுகாவுல நீர்ப்பிடிப்புத் திட்டம் நடக்குதுன்னா அங்க கேளுங்க, இல்லேன்னா பக்கத்து கால்நடைப் பல்கலைக்கழக மையத்துல கேளுங்க.

சரி அண்ணாச்சி, மடல் உங்ககிட்டயே கிடைக்குமா?

ஏக்கர் கணக்குல கேட்டா கிடையாது. ஒருத்தருக்கு பத்து மடல், சும்மா தரேன், தை பொறந்து வாங்க. பத்த நட்டு ஒரு ஐப்பசிய தாண்டுதான்னு பாருங்க. தாண்டுனா அதுலயே அறுத்து அறுத்து பெருக்கலாம், அவசரம்னா ஒரே மடல நாலு துண்டா வெட்டிக் காயவச்சு நட்டாலும் துளிர்க்கும். தாண்டலேன்னா உங்க மண்ணு சரியில்ல, பணமும் போகல. வரும்போது சாக்கும் கையுறையும் கொண்டாங்க. ஆடு வச்சிருந்தா மட்டும் வாங்க, வீடியோ எடுக்க மட்டும்னா வேண்டாம்.